யாரும் படிக்கவில்லை என்பதற்கு ஒரு சான்று

அக்கா மகளுக்கு இன்ஜினியரிங் அலாட்மென்ட் ஆர்டர் வந்து நான்கு நாள் ஆகிறது. சந்தோஷம்தான், ஆனால் முதல் பட்டதாரி சான்றிதழுக்காக (குடும்பத்தில் இதற்கு முன் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்ற சான்று, இருந்தால் டியூஷன் ஃபீஸ் குறையும்) அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருக்கிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

6 முதல் 12 வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போயிருப்பாள், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டியிருக்கும். இவள் எட்டாவது வரை பக்கத்துத் தெரு நிதியுதவிப் பள்ளி. அதனால் எங்களுக்கு மிச்சம் இருந்தது முதல் பட்டதாரி சலுகைதான்.

ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தது முதல் தப்பு. வந்த மறுநாள் இ-சேவை மையத்தில் ஊரே நின்றது. முன்பு சாதிச் சான்றுக்கு எடுத்த கேன் நம்பரில் (இ-சேவையில் நமக்குத் தரும் பதிவு எண்) அத்தானின் பழைய போன் நம்பர் இருந்ததால் ஓடிபி செத்துப்போன சிம்முக்குப் போனது, அதை மாற்றவே ஒரு நாள் காலி. 60 ரூபாய் கட்டி அனுப்பினால் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. காரணம்: ஆவணம் போதவில்லை. எந்த ஆவணம்? அதை எழுதவில்லை.

அரை நாள் லீவு போட்டு தாலுகா ஆபீஸ் போனேன். அங்கிருந்தவர் நிமிரவே இல்லை, "விஏஓவைப் பாருங்க" என்றார். விஏஓ ஃபீல்டுக்குப் போயிருந்தார். மறுநாளும் ஃபீல்டு. மூன்றாம் நாள் பிடித்தேன், மனுஷன் நியாயமாகத்தான் பேசினார்: "பொண்ணோட அண்ணன் டிகிரி படிக்கலைன்னு நான் எதை வச்சு எழுதுறது சார்?"

அதாவது படிக்கவில்லை என்பதற்குப் படித்த சான்று வேண்டும். அண்ணன்காரன் ஐடிஐ ஃபிட்டர், அவன் சர்டிபிகேட் போனிலேயே இருந்தது. அத்தானின் டிசிக்காகப் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினோம். பத்தாவது ஃபெயில் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாதாம். மடிப்பில் கிழிந்த அந்தத் தாளை மகள் கையில் கொடுக்காமல், சட்டையை மாட்டிக்கொண்டு அவரே ஜெராக்ஸ் கடைக்குப் போனார். தாத்தா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர், அவருக்கு உறுதிமொழிப் படிவத்தில் எழுதியதே போதும் என்று விஏஓ சொல்லிவிட்டார். நான் டிகிரி முடித்தவன் என்பதால் சான்று கிடைக்காது என்று இ-சேவையில் ஒருவர் வயிற்றில் புளியைக் கரைத்தார். பயப்பட வேண்டாம், அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள், இரண்டு பக்கத் தாத்தா பாட்டி வரைதான் பார்ப்பார்கள், தாய்மாமன் கணக்கில் இல்லை.

மறுபடி அனுப்பியதும் ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), துணைத் தாசில்தார் எல்லாம் தானாக நகர்ந்தது. கவுன்சிலிங் விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முந்தின நாள் இரவு சான்றிதழை அப்லோட் செய்தோம். ரேங்க், சாய்ஸ் ஃபில்லிங்கில் ஒரு பிரச்சினையும் இல்லை.

இந்தச் சலுகை கவுன்சிலிங் சீட்டுக்கு மட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டு சான்றிதழை நீட்டினால் ஒன்றும் நடக்காது. குறைவதும் டியூஷன் ஃபீஸில்தான், பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம் எல்லாம் நம் தலையில். எங்களை மாதிரி அலையாமல் இருக்க, சான்றிதழ் விண்ணப்பத்தை மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள், ஐடிஐயோ டிசியோ அண்ணன் அக்காவின் கடைசிப் படிப்புச் சான்றையும் சேர்த்தே அனுப்புங்கள்.

மீதிக்கு கல்விக்கடன். 4 லட்சம் வரை நம் கைப்பணம் போட வேண்டியதில்லை, ஜாமீன் சொத்தும் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொண்டே போனேன். "உங்க ஏரியா எங்க கிளையில வராதே" என்றார் மேனேஜர். சரி சார், அதையே எழுதிக் கொடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அப்புறம் கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி போர்ட்டலில் பதிந்துவிட்டு, கல்லூரியில் போனஃபைடும் (அங்கே படிக்கிறாள் என்ற சான்று) ஃபீஸ் விவரமும் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார். இன்னொரு அரை நாள் லீவு சொல்லி வைத்திருக்கிறேன்.