தடம் காட்டாத ஸ்கெட்ச்

பென்னாகரம் பக்கம் சர்வேயராக இருந்தபோது ஒரு கூட்டுப் பட்டா மனு வந்தது. அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்றரை ஏக்கர், ஒரே கிணறு. கடைசித் தம்பிக்கு ஓசூரில் கம்பெனி வேலை. எதற்கெடுத்தாலும் அவர் பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதனால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா கேட்டார்கள்.

பாகப் பத்திரத்தில் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, மோட்டார், தண்ணீர் முறை என்று எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. வண்டி போகும் தடத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அளவுச் செயினைச் சுருட்டும்போது, மூத்தவரிடம் "பெரியவரே, பின்னாடி நிலத்துக்கு வண்டித் தடம்?" என்று கேட்டேன்.

"அண்ணன் தம்பிக்குள்ள தடம் என்னத்துக்கு சார்? அவன் எந்தப் பக்கம் வேணா போவான்."

பிழைத்திருத்தல் பத்திரம் போட்டு வாருங்கள் என்று மனுவைத் திருப்பியிருக்க வேண்டும். வெயில், பசி, நிலுவை மனுக்கள் வேறு. சரி என்று ஸ்கெட்ச் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பெரியவர் காலமானதும் அவர் மகன் கம்பி வேலி போட்டார். பின்னாடி நிலத்துக்காரர் மரவள்ளிக் கிழங்கைத் தலைச்சுமையாக வரப்பில் சுமந்தார். வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போனது.

பொதுவானதை எழுதாமல் விடும் இந்தப் பழக்கம் பழசு. ஒவ்வொரு விவசாயியோடும் சர்க்கார் நேராகக் கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறை எங்கள் மண்ணில்தான் வேர்விட்டது. 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும், கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் இங்கேதான் அளந்தார்கள். யாருக்கு எந்த வயல் என்பதை அந்த முறை நன்றாகவே எழுதியது. ஊருக்குப் பொதுவாக இருந்ததை எழுதும்போதுதான் கை தடுமாறியது என்பேன். மேய்ச்சல் தரை, மந்தை, களம் எல்லாம் 'சர்க்கார் புறம்போக்கு' ஆயின. சர்க்காருடையது என்று ஆனபின் ஆடு மேய்த்தவர்களுக்கு அது தங்களுடையது என்ற எண்ணம் போய்விட்டது. ஓரத்து வயல்காரர் வருஷத்துக்கு ஒரு முழம் வரப்பைத் தள்ளினால் கேட்க ஆளில்லை. நான் அளந்த ஒரு மேய்ச்சல் தரையில் பாதி கேழ்வரகு விளைந்திருந்தது.

ரெவின்யூ கணக்கிலேயே இதற்கு மாறான ஒன்றும் உண்டு. 2சி பட்டா. புறம்போக்கில் நிற்கும் புளிய மரத்தின் மகசூல் பட்டாக்காரருக்கு, மண் சர்க்காருக்கு. ஒரே இடத்தில் இரண்டு உரிமையை எழுத நமக்குத் தெரியும்தான்.

வழக்கு நடக்கும்போது ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். மோட்டார் ரூம் சுவரில் கரியால் கிழமைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயர். அன்றைக்குப் பின்னாடி நிலத்துக்காரர் முறை. வேலி போட்டவர் தன் வாய்க்காலை அடைத்துவிட்டு, அவர் பக்கம் மடையை வெட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.