டெங்கு: காய்ச்சல் விட்ட பிறகு எதைப் பார்ப்பது?

டெங்கு நோயாளியின் உறவினர்கள் முதலில் கேட்பது, "பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) எவ்வளவு?" நான்காம் நாள் காய்ச்சல் விட்டு, பிளேட்லெட்டும் எண்பதாயிரத்துக்கு மேல் இருந்தால், "வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?" என்பது அடுத்த கேள்வி. ஆனால் டெங்குவில் பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பது பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, கசிவது. ரத்தக் குழாய்ச் சுவர் வழியே திரவம் வெளியேறி வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்கும். குழாய்க்குள் ஓட வேண்டியது குறைந்துபோகும். இந்தக் கசிவு தீவிரமாவது காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். காய்ச்சல் விட்டதும் பசியெடுத்து, எழுந்து நடமாடினால் நல்லது. காய்ச்சல் விட்டும் துவண்டு கிடந்தால் அது தேறுவதன் அடையாளம் அல்ல.

அதனால் நோயாளியிடம் முதலில் கேட்டு எழுத வேண்டியது காய்ச்சல் தொடங்கிய நாள். அது தெரியாமல் எந்த ரிப்போர்ட்டையும் படிக்க முடியாது. டெங்கு வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும். ஆறாம் நாள் நெகட்டிவ் வந்ததை வைத்து டெங்கு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

அபாய அறிகுறிகள் என்று 2009இல் உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டவற்றில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது வயிற்று வலி. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால் கேஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். விடாத வயிற்று வலி, அடங்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், வழக்கத்துக்கு மாறான தூக்கம் அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இனி பி.பி. மேல் அளவை மட்டும் பார்த்து "நார்மல்" என்று எழுதுவதுதான் நடக்கக் கூடிய பெரிய தவறு. குழாய்க்குள் திரவம் குறையும்போது உடல் சும்மா இருப்பதில்லை. கை கால்களுக்குப் போகும் சிறு குழாய்களை இறுக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. அந்த இறுக்கத்தால் கீழ் அளவு ஏறும். மேல் அளவு அப்படியே நிற்கும். 110/70 இருந்தவருக்கு 108/90 ஆகியிருந்தால் வித்தியாசம் 18தான். மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே போனால் அது ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத ஆபத்தான நிலை. அந்த நேரத்தில் அவர் உட்கார்ந்து தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கக்கூடும். மேல் அளவும் சரியும்வரை காத்திருந்தால் மீட்பது மிகக் கடினம். குழந்தைக்குப் பெரியவர்களின் பி.பி. பட்டையைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும், அதற்கேற்ற சிறிய பட்டை வேண்டும்.

கருவி இல்லாத இடத்தில் கையைப் பிடித்துப் பாருங்கள். நெற்றி வெதுவெதுப்பாக இருந்து உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருந்தால், சிறு குழாய்கள் இறுகிவிட்டன என்று பொருள். நோயாளியின் கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஏ.சி. அறையில் குளிர்ந்த விரல் ஏமாற்றும். சந்தேகமிருந்தால் நெஞ்செலும்பின் மேல் அழுத்திப் பார்க்கலாம். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்றும் கேளுங்கள். ஆறு மணி நேரம் போகவில்லை என்றால் அதுவும் எச்சரிக்கைதான்.

பிளேட்லெட் வரும் அதே சீட்டில் ஹெமட்டோகிரிட் அல்லது பி.சி.வி. என்று ஒரு எண் இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதே அது. பிளாஸ்மா கசிந்தால் ரத்தம் கெட்டியாகி இந்த எண் ஏறும். முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்த அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு உறுதி. 35 இருந்தது 42 ஆவது போல. ரத்தசோகை பரவலாக உள்ள நம் ஊரில் இங்கேதான் சறுக்கும். வழக்கமாக 32 உள்ள பெண்ணுக்கு 40 வந்தால் ரிப்போர்ட் "நார்மல்" என்றே காட்டும். உண்மையில் 25 சதவீதம் ஏறியிருக்கிறது. அதனால் முதல் ரிப்போர்ட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். மறுபுறம், ஆள் மோசமாகிக்கொண்டே போக, இந்த எண் மட்டும் இறங்கினால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கூடாது, ஊசியாகவும் கூடாது. ரத்தக் கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கையை ஏற்றுவதற்காகப் பிளேட்லெட் ஏற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

கசிவு நின்றதும் வெளியேறிய திரவம் தானாகவே குழாய்க்குள் திரும்பும். பசி வரும், சிறுநீர் தாராளமாகப் போகும், உள்ளங்கை, பாதம் அரிக்கும், சிவந்த தோலில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். இப்போது ட்ரிப்ஸை நிறுத்த வேண்டும். "இன்னும் ஒரு பாட்டில் போட்டால் தெம்பு வரும்" என்று தொடர்ந்தால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறும். இந்தக் கட்டத்தில் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள், படுக்கும்போது இருமல் வருகிறதா என்று கேளுங்கள்.