ஏடு தொடக்கலும் முறிகண்டித் தேங்காயும்: வன்னியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல்

இலங்கையின் வடக்கே, வன்னியில் பிள்ளைக்கு மூன்றாம் வயது நடக்கும்போதே ஏடு தொடக்க, அதாவது அரிசியில் முதல் எழுத்தை எழுதுவிக்க, நாள் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மூன்றில் தவறினால் ஐந்தில் வைப்பார்கள். இரட்டைப்பட்ட வயதைத் தவிர்ப்பது வழக்கம். நாள் என்று தனியாகத் தேடி அலையத் தேவையில்லை. நவராத்திரி முடிந்து வரும் விஜயதசமியும் தைப்பூசமும் இதற்கென்றே இருக்கின்றன.

வயலோடு வாழும் குடும்பங்களுக்குத் தைப்பூசமே கூடப் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். மாரி மழையில் விளையும் காலபோக நெல் முற்றி நிற்கும் நேரம் அது. அன்றுதான் முதற் கதிர் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து புதிர் எடுப்பார்கள். அதே நாளில் பிள்ளையின் விரல் அரிசியில் முதல் எழுத்தைத் தொடுவது எவ்வளவு பெரிய பேறு! ஆனால் அந்தப் புது அரிசியிலேயே எழுதுவிக்க ஆசைப்படாதீர்கள். ஈரம் போகாத அரிசி விரலில் ஒட்டும், எழுத்துக் கலையும். பழைய பச்சையரிசியைக் கல், குருணை நீக்கிப் புடைத்து, ஒரு வெயில் காயவைத்து எடுங்கள். மேலே ஒரு பிடி புது அரிசி தூவினால் போதும்.

ஓர் அடி அகலமான தாம்பாளத்துக்கு முக்கால் கிலோ அரிசி கணக்கு. அதைவிடக் குறைந்தால் நகம் தட்டில் உரசிக் கிறீச்சிடும், பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும். கூடினால் மணிகள் சரிந்து கீறலை மூடிவிடும், தான் எழுதியது பிள்ளையின் கண்ணுக்கே தெரியாது.

இனி ஏடு. பனையோலையில் உயிரெழுத்துப் பன்னிரண்டும் ஆய்தமும் மெய்யெழுத்துப் பதினெட்டும் கீறி, மஞ்சள் பூசி விற்பார்கள். சிலவற்றில் ஆத்திசூடி வரிகளும் இருக்கும். வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்து எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். ங, ஞ இரண்டும் அடிக்கடி விடுபடுகின்றன. ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பதும் அவசியம். வெட்டு ஓலையின் விளிம்பு பிஞ்சு விரலைக் கிழிக்கும். கரடான துணியால் இரண்டு பக்கமும் தேய்த்துவிட வேண்டும். வீட்டில் செய்வதென்றால் குருத்தோலையை நிழலில் வாட்டி, ஈர்க்கு நீக்கி, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, எழுத்தாணியால் கீறுங்கள். விளக்குக் கரியைச் சிறிது எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கரி தங்கும். மஞ்சளை அதன் பிறகு பூசுங்கள். நன்றாகக் காய்ந்த ஓலை கீறும்போது பிளக்கும், வாடாத ஓலை பிறகு சுருளும்.

கோயில் எது என்றால், ஊர்ப் பிள்ளையார் கோயிலே முதற் தெரிவு. நேர்த்தி இருப்பவர்கள் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரிடம் போவார்கள். அறுத்த குரக்கன் (கேழ்வரகு) தாளுக்கு வைத்த தீயில் வேகாமல் நின்ற இடத்தில் ஈசன் தானே தோன்றினார் என்று தலவரலாறு சொல்லும் கோயில் அது. வயல் செய்யும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதைவிட நெருக்கமான சந்நிதி வேறென்ன? கிளிநொச்சிப் பக்கத்தால் வருபவர்கள் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, மாங்குளத்தில் கிழக்கே முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பலாம். வவுனியாவிலிருந்து வந்தால் புளியங்குளத்தால் திரும்பி நெடுங்கேணி வழியாகப் போவது சுருக்கம்.

காலைப் பூசைக்கு முன்பே போய்விடுங்கள். விஜயதசமியன்று நேரம் ஏற ஏறப் பிள்ளைகள் வரிசையில் குவிவார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒன்று அழ, மற்றவையும் சேர்ந்து அழும். பெரியவர்கள் விரதம் இருக்கட்டும், பிள்ளைக்குப் பசி தீரக் கொடுத்துத்தான் கூட்டிப்போக வேண்டும். அழுகைக்கு முக்கால்வாசிக் காரணம் பசியும் புதுச்சட்டையின் முரட்டுச் சரிகையும்தான். பழகிய பருத்தி வேட்டியோ பாவாடையோ நல்லது.

அருச்சனை முடிந்ததும் பிள்ளையை மடியில் இருத்தி ஐயரோ ஆசிரியரோ எழுதுவிப்பார். வலக்கைச் சுட்டுவிரலின் நுனியைப் பிடித்தால் பிள்ளை உதறும். நடு மூட்டில் மெதுவாகப் பிடித்தால் கை தளர்ந்து கொடுக்கும். முதலில் பிள்ளையார் சுழி, பிறகு அ. ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிச் சொல்லி எழுதி, ஏட்டில் அதே எழுத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். பிள்ளை வாய் திறக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அ ஒன்றே எழுதினாலும் ஏடு தொடங்கிவிட்டது. கைபேசியோடு முன்னால் நின்று பிள்ளையைக் கூப்பிடுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். அந்தச் சில நிமிடம் அதன் கண் அரிசியில் இருக்கவேண்டும். வெற்றிலை, பாக்கு, பழம், தட்சிணையைப் பிள்ளையின் கையாலேயே கொடுப்பித்து விழுந்து கும்பிடச் செய்யுங்கள். எழுதிய அரிசியை வீட்டில் சர்க்கரைப் புக்கையாகப் பொங்கலாம்.

இனிப் பள்ளிக்கூடம். முதலாம் தரத்தில் சேர, அந்த வருடம் ஜனவரி 31க்குள் 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். பாடசாலையில் கால்கோள் விழா என்று மாலை போட்டு, விளக்கேற்றி வரவேற்பார்கள். ஏ9 ஓரத்துக் குடும்பங்கள் அதற்கு முன் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் பிள்ளையை அனுப்புவதில்லை. தூரத்திலிருந்து வருபவர்கள் முதல்நாள் பின்னேரமே வந்து போவது உத்தமம். விடியற்காலை அவசரத்தில் அந்த வீதியைப் பிள்ளையோடு கடப்பது ஆபத்து. தேங்காயைக் குலுக்கி நீர்ச்சத்தம் கேட்டு வாங்குங்கள். அழுகலாய் உடைந்தால் வீட்டார் மனம் சோர்ந்துபோகும், ஆகவே இன்னொன்று கையில் இருக்கட்டும். உடைக்கும்போது சிரட்டைத் துண்டு தெறிக்கும். பிள்ளை பத்தடி தள்ளி நிற்கட்டும்.

எழுதப்போகும் புதுக் கொப்பியையும் பென்சிலையும் ஏட்டோடு சேர்த்துப் பிள்ளையார் முன் வைத்து எடுப்பார்கள். கொப்பி மூலைக்கு மஞ்சள் வைப்பதானால் இறுக்கமாகக் குழையுங்கள், தண்ணீர் கூடினால் தாள் நெளியும். வெளியே வறுத்த கச்சான் (நிலக்கடலை) மணம் பிள்ளையை இழுக்கும். ஐந்து வயதுக்காரருக்குத் தோலுரித்துக் கொடுக்கலாம். கூட வந்த மூன்று வயதுக்கு முழுக் கச்சான் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

பள்ளி தொடங்கும் அன்று காலை வீட்டில் விளக்கேற்றி, அம்மம்மா, அப்பப்பா காலில் விழுந்து, திருநீறு பூசிப் புறப்பட்டால் போதும். வகுப்பு வாசலில் நீங்கள் தயங்கி நின்றால் பிள்ளையும் தயங்கும். ஆசிரியரின் கையில் ஒப்படைத்ததும் நடந்துவிடுங்கள்.

ஏட்டை வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு துண்டு வசம்போடு சாமியறையில் வையுங்கள், பூச்சி அண்டாது. பரம்பரையாக இருந்த ஏடுகளை 2009இல் முடிந்த போரின் இடப்பெயர்வுகளில் இழந்த வீடுகள் இங்கே நிறைய. அதனால் இப்போது வாங்குவதைப் பத்திரப்படுத்த வேண்டும். தம்பி, தங்கைக்கும் அதே ஏட்டை எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஓலை வெடிக்காமல் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். மஞ்சளை மட்டும் புதிதாகப் பூசி, ஒரு நாள் முன்பே நிழலில் உலரவிடுங்கள்.