ஈகிளில் கட்டளையால் ஸ்கீமேட்டிக் வரையப் பழகுபவர்களுக்கு

மின்சுற்று வரைபடமும் (ஸ்கீமேட்டிக்) சர்க்யூட் போர்டும் வரையும் மென்பொருளான ஈகிளை மவுஸை மட்டும் நம்பிப் படித்தவர்கள் செய்முறைத் தேர்வில் திணறுவது, ஒரே வேலை எட்டுத் தடவை, பதினாறு தடவை வரும்போதுதான். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்து ஒரேயடியாக ஓட்டும் ஸ்கிரிப்ட் கைகொடுக்கும் இடமும் அதுவே. 1988-ல் காட்சாஃப்ட் வெளியிட்ட ஈகிள் 2016-ல் ஆட்டோடெஸ்க் கைக்குப் போனது. தனி மென்பொருளாக அதற்கான ஆதரவின் கடைசி நாள் 2026 ஜூன் 7 என்றாலும், இதே கட்டளை வரியும் ஸ்கிரிப்டும் ஆட்டோடெஸ்கின் ஃப்யூஷன் மென்பொருளின் மின்னணுப் பகுதியில் தொடர்கின்றன. அதனால் இதற்குச் செலவிடும் நேரம் வீண்போகாது.

முதல் நாளே ஸ்கிரிப்ட் எழுத உட்காராதீர்கள். கட்டளை வரியில் ஆட் (உறுப்பு சேர்க்க), மூவ், நெட் (இணைப்புக் கம்பி வரைய), நேம், வேல்யூ, லேபிள், ஷோ, கிரிட் (கட்ட அளவை அமைக்க) ஆகிய எட்டையும் கையால் அடித்துப் பழகுங்கள். கீழே ஒலிப்படி எழுதியிருப்பதைத் திரையில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளையையும் அரைப்புள்ளி வைத்து முடியுங்கள். அது இல்லாவிட்டால் கட்டளை முடியாமல் அடுத்த கிளிக்குக்காகக் காத்து நிற்கும்.

ஒரு எடுத்துக்காட்டு: எட்டு டேட்டா கம்பிகளுக்கு எட்டு 10கே (10 கிலோ ஓம்) புல்-அப் ரெசிஸ்டர்கள், அதாவது ஒவ்வொரு கம்பியையும் விசிசி என்ற மின்வழங்கல் கம்பியோடு இணைப்பவை. ஆர்சிஎல் லைப்ரரியின் (உறுப்புத் தொகுப்பின்) ஆர்-யுஎஸ் ரெசிஸ்டர் குறியீட்டில் இரண்டு பின்களும் (இணைப்பு முனைகளும்) மையத்திலிருந்து 0.2 இன்ச் தள்ளி இருக்கின்றன. நிமிர்த்தி (1 1) என்ற இடத்தில் வைத்தால் மேல் பின் (1 1.2), கீழ் பின் (1 0.8). இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்ட பிறகு எழுதத் தொடங்குங்கள். முதல் இரண்டு ரெசிஸ்டர்களுக்கான வரிகள் இவை:

கிரிட் இன்ச் 0.1;
ஆட் ஆர்-யுஎஸ்_0207/10@ஆர்சிஎல் 'ஆர்1' ஆர்90 (1 1);
ஆட் ஆர்-யுஎஸ்_0207/10@ஆர்சிஎல் 'ஆர்2' ஆர்90 (1.3 1);
வேல்யூ ஆர்1 10கே;
வேல்யூ ஆர்2 10கே;
நெட் விசிசி (1 1.2) (1.3 1.2);
நெட் டி0 (1 0.8) (1 0.5);
நெட் டி1 (1.3 0.8) (1.3 0.5);
கிரிட் லாஸ்ட்;

0.3 இன்ச் இடைவெளியில் போனால் எட்டாவது ரெசிஸ்டர் 3.1-ல் நிற்கும். முதல் வரியை விட்டுவிட்டு, கிரிட் மில்லிமீட்டரில் இருந்தால் என்ன ஆகும்? 1 இன்ச் என்று நினைத்தது 1 மில்லிமீட்டராகி, எட்டும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். திரையில் அந்தக் குவியலைப் பார்த்ததுமே அலகைச் சந்தேகப்படுங்கள். கடைசி வரி, ஏற்கெனவே இருந்த கிரிட்டை மீட்டுத் தருகிறது. பெயரைச் சுற்றியுள்ள ஒற்றை மேற்கோளும் காரணத்தோடுதான் இருக்கிறது: ஒரு ரெசிஸ்டரின் பெயரே ஆர்90 என்றால், மேற்கோள் இல்லாதபோது அது திருப்பும் கோணமாகப் படிக்கப்படலாம்.

விசிசி கம்பியை எட்டுப் புள்ளிகளோடு ஒரே நெட் கட்டளையாக எழுதத்தான் எல்லோருக்கும் தோன்றும். எழுதாதீர்கள். நெட் ஒரு பின்னைத் தொட்டதும் தானாக முடிந்துவிடும். அடுத்த புள்ளி புதுக் கம்பியின் தொடக்கமாகிவிடும். இரண்டிரண்டு புள்ளிகளாக ஏழு துண்டுகள் எழுதுவதே பத்திரம். ஆட் வரிகள் எல்லாம் முடிந்த பிறகே நெட் வரிகள் வரட்டும். சாய்வான ஆயத்தொலைவு கொடுக்க நேர்ந்தால் முன்னதாக 'செட் ஒயர்_பெண்ட் 2;' சேருங்கள். இல்லாவிட்டால் கடைசியாக யாரோ பயன்படுத்திய வளைவு முறையில் கோடு விழும்.

மதிப்பெண் அதிகம் போவது கண்ணுக்கு இணைந்ததுபோலத் தெரியும் கம்பியில்தான். பின்னின் நுனியில் முடியாமல் அதன் மேலாகக் கடந்துபோகும் நெட்டுக்கு மின்தொடர்பு இல்லை. வரைந்த நெட்டை மூவ் கட்டளையால் நகர்த்திப் பின்மேல் வைத்தாலும் தொடர்பு ஏற்படாது. 'ஷோ விசிசி;' அடித்துப் பாருங்கள்; எட்டுப் பின்களும் ஒளிர வேண்டும். பிறகு மின்இணைப்புப் பிழைகளைச் சோதிக்கும் ஈஆர்சி ஓட்டுங்கள். அதன் எச்சரிக்கைகளை வாசிக்காமல் மூடும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் பெரும்பாலும் பின்னால் ஒரு உரையாடல் பெட்டி பதில் கேட்டு நிற்கும். மதிப்பை மாற்ற இடமில்லாத ஐசி ஒன்றுக்கு வேல்யூ கொடுத்தால் இப்படி ஆகும். 'செட் கன்ஃபர்ம் யெஸ்;' எல்லாக் கேள்விக்கும் ஆம் சொல்லிவிடும். ஆனால் பெயர் வேறான இரண்டு நெட்கள் தவறாகச் சேரும்போது வரும் கேள்வியையும் அது விழுங்கிவிடும். கற்கும் காலத்தில் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. போட்டே ஆக வேண்டுமென்றால் ஸ்கிரிப்டின் முடிவில் 'செட் கன்ஃபர்ம் ஆஃப்;' கட்டாயம்.

சர்க்யூட் போர்டின் வடிவமைப்பான போர்டு கோப்பு ஏற்கெனவே இருந்தால், அதையும் ஸ்கீமேட்டிக்கையும் திறந்துவைத்துத்தான் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். ஸ்கீமேட்டிக்கை மட்டும் திறந்து மாற்றினால் இரண்டுக்கும் இடையிலான ஒத்திசைவு அறுந்துபோகும். அதைச் சரிசெய்ய ஆகும் நேரம் தேர்வறையில் கிடைக்காது.

ஸ்கிரிப்டில் மாறிகளோ, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புகளோ கிடையாது. பதினாறு வரி வரைக்கும் விரிதாளில் எண்களை இழுத்து நிரப்பி ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் யுஎல்பி, அதாவது ஈகிளின் சொந்த நிரல்மொழியில் எழுதும் நிரல். சி மொழி தெரிந்தவர்களுக்கு அது சிரமமே இல்லை. யுஎல்பி வரைபடத்தை வாசிக்கும், தானே திருத்தாது. கட்டளைகளைச் சரமாகக் கோர்த்து எக்ஸிட் செயற்கூறுக்குக் கொடுத்தால், அது முடிந்ததும் ஈகிள் அவற்றை நிறைவேற்றும். ஆறாம் பதிப்பிலிருந்து உள் அலகு ஒரு மில்லிமீட்டரில் 3,20,000-ல் ஒரு பங்கு. 0.1 இன்ச் என்பது அங்கே 8,12,800. இந்த எண்ணை அப்படியே ஆட் கட்டளைக்குள் போட்டால் உறுப்பு எங்கேயோ போய்விடும். யு2இன்ச் செயற்கூறு வழியாக இன்ச்சாக மாற்றியே போடுங்கள்.

ஒப்படைக்கும் முன் 'எக்ஸ்போர்ட் நெட்லிஸ்ட்' (எந்த நெட்டில் எந்தப் பின் என்ற பட்டியல்) கொடுத்து, கிடைக்கும் கோப்பை எடிட்டரில் திறந்து எண்ணுங்கள். விசிசியின் கீழ் ஆர்1 முதல் ஆர்8 வரை எட்டு வரிகள், டி0 முதல் டி7 வரை ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய ஒரு ரெசிஸ்டர். ஒன்று குறைந்தால், அந்த எண்ணுக்குரிய நெட் வரியின் ஆயத்தொலைவைப் பின் இருக்கும் இடத்தோடு ஒப்பிடுங்கள், பெரும்பாலும் 0.1 தள்ளியிருக்கும்.