‘கர்ட்டன்ஸ்’ வந்தால் எங்கே திரை?

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் மேசையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஒருநாள் இரவு, ஆலை ஒன்று மூடப்படும் செய்தி வந்தது. ஆங்கிலத் தலைப்பு ‘இட்ஸ் கர்ட்டன்ஸ் ஃபார்’ என்று தொடங்கியது. புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ‘ஆலைக்குத் திரைச்சீலைகள்’ என்று எழுதிக்கொண்டு வந்து, “சார், செய்தி முழுக்கத் தேடிட்டேன், திரைச்சீலை எங்கேயுமே இல்லை” என்றார். அந்தச் சந்தேகம் வந்ததே எனக்குப் பிடித்திருந்தது. பலர் சந்தேகப்படாமலே அனுப்பிவிடுவார்கள்.

நாடகம் முடிந்ததும் விழுகிற மேடைத் திரைதான் இது. ‘இனி அவ்வளவுதான்’ என்று பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் பரவியது. சாவையும் அப்படிச் சொல்வார்கள். கவனிக்க வேண்டியது பன்மை; ‘கர்ட்டன்ஸ்’ என்று வந்தால்தான் இந்தப் பொருள். ‘கர்ட்டன் ரெய்சர்’ என்று வந்தால் நேர் எதிர், தொடக்கம். பெரிய நாடகத்துக்கு முன்பு போடும் சிறு நாடகத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. செய்தித்தாளில் அது முன்னோட்டக் கட்டுரை.

“அப்போ இரும்புத்திரை?” என்றார். அதுவும் மேடையிலிருந்து வந்ததுதான். மேடையில் தீப்பிடித்தால் பார்வையாளர் பக்கம் பரவாமல் இருக்க இரும்புத் திரையை இறக்குவார்கள். லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் 1794லேயே அது இருந்தது. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் சர்ச்சில் 1946 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபுல்டனில் பேசிய பிறகு, சோவியத் பக்கம், மேற்குப் பக்கம் என்ற ஐரோப்பாவின் பிளவுக்கே அது பெயராகிவிட்டது.

சரி, தமிழில் என்ன போடுவது? ‘மூடுவிழா’ என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘மங்களம் பாடியாச்சு’, ‘சங்கு ஊதியாச்சு’ எல்லாம் பொருளுக்குக் கச்சிதம்தான். தோற்றுப்போன திட்டத்துக்கோ, ஓடாத தொடருக்கோ தாராளமாகப் போடலாம். ஆங்கிலத்திலும் இது கொஞ்சம் விளையாட்டான தொடர்தான். ஆனால் இந்தச் செய்தியின் மூன்றாவது பத்தியில் வேலை இழப்பவர்களின் எண்ணிக்கை இருந்தது. மறுநாள் அந்த வீடுகளிலும் யாராவது படிப்பார்கள். அங்கே ‘விழா’ என்ற சொல் போய் விழக்கூடாது. ஆங்கிலத்தில் எழுதியவரே அதை யோசித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தம்பி தாளை வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது ‘திரைச்சீலைகள்’ கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. மேலே பேனாவில் சின்ன எழுத்தில்: ‘ஆலை இனி இயங்காது.’ அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.