மங்கில் விழுந்த உயிரணு

நான்காம் படிவத்தில் படிக்கும் என் அக்காள் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உயிரியல் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் உயிரணுவின் உள்ளுறுப்புகள் பற்றிய பாடம் வந்தது. வெங்காயத் தோலை உரித்து, அயோடின் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், உட்கரு ஒரு பழுப்புப் புள்ளியாகத் தெரியும்; அதற்குமேல் வெங்காயம் எதையும் காட்டிக் கொடுக்காது. மலேசியாவின் ரப்பர்த் தோட்ட ஊரான சுங்கை சிப்புட்டில் பிறந்த பிள்ளைக்கு வெங்காயம் எதற்கு என்று தோன்றியது. முப்பது ஆண்டுகள் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிய அவளுடைய பாட்டி, அதாவது என் அம்மா, பக்கத்து நாற்காலியில்தான் அமர்ந்திருந்தார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த நாங்கள், பால் என்பதை மரத்தின் சாறு என்றே நினைத்திருந்தோம். உண்மையில், பட்டையின் உட்பகுதியில் உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்று, இடைச்சுவர்கள் கரைந்து, நீண்ட குழாய்களாகின்றன. அக்குழாய்கள் அக்கம்பக்கத்துக் குழாய்களோடும் பிணைந்து, மரத்தைச் சுற்றி வளையம் வளையமாக ஒரு வலையை உண்டாக்குகின்றன. உளி அந்த வலையை அறுக்கும்போது மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், வந்து விழுவது அவ்வுயிரணுக்களின் சைட்டோபிளாசமேதான். ஓர் உயிரணுவின் உட்பொருளைப் பார்க்க ஆய்வுக்கூடங்களில் அதை அரைத்தும் நசுக்கியும் பாடுபடுகிறார்கள்; அம்மாவோ அதை வாளி வாளியாகச் சுமந்து பால் நிறுக்கும் இடத்தில் கொட்டியிருக்கிறார்.

இந்தப் பாலை மிக வேகமாகச் சுழலும் மையவிலக்கு எந்திரத்தில் இட்டால் அது அடுக்குகளாகப் பிரியும். மேலே வெள்ளையாக மிதப்பவை ரப்பர்த் துகள்கள். பாலில் 30 முதல் 40 விழுக்காடு ரப்பர்தான். உயிரணுவின் பெரும்பாலான உள்ளுறுப்புகளை இரட்டை அடுக்குக் கொழுப்புச் சவ்வு மூடியிருக்க, ரப்பர்த் துகளை ஒற்றை அடுக்கு மட்டுமே மூடியிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு: உள்ளே இருக்கும் ரப்பர் நீரை வெறுப்பது, அதனோடு ஒட்டி நிற்க ஒரு வரிசைக் கொழுப்பே போதும். நடுவில் தெளிந்த நீர். அதில்தான் சர்க்கரையை ரப்பராக்கும் நொதிகளில் பல கரைந்திருக்கின்றன. ஒரு சில மரங்களின் பால் வெளிர்மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான கரோட்டின் துகள்களும் உண்டு. அவற்றுக்கு ஃப்ரை-விஸ்லிங் என்ற சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளரின் பெயர். அடியில் படிபவை லூட்டாய்டுகள். மெல்லிய சவ்வுக்குள் அமில நீரை அடைத்து வைத்திருக்கும் சிறு பைகள் இவை. பாடநூலில் நுண்குமிழி என்று படிக்கிறோமே, அதன் உறவு.

செய்முறையை வைத்திருக்கும் உட்கருவும் ஆற்றல் தரும் இழைமணிகளும் மட்டும் அவ்வளவாக வாளிக்கு வருவதில்லை. அவை குழாயின் சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் தங்கிவிடுகின்றன. குறிப்பேடும் அடுப்பும் வீட்டிலேயே இருப்பதால், போன பொருளை உயிரணு மறுபடி செய்துகொள்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதன் பொருள், அந்த உற்பத்திக்கு அவகாசம் கொடுப்பதுதான்.

என்னை மிகவும் ஈர்த்தது லூட்டாய்டு. வெட்டிய சில மணி நேரத்தில் பால் தானாக நின்றுவிடும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்டதில்லை. 1960களில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் சவுதர்ன் என்பவர் வெட்டுவாயை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். குழாய்க்குள் இருந்த அழுத்தம் சட்டென இறங்குவதாலும், பக்கத்து உயிரணுக்களிலிருந்து நீர் புகுவதாலும் லூட்டாய்டுகள் வெடிக்கின்றன. ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதப்பவை. வெடித்த பைகளிலிருந்து வெளிப்படும் மக்னீசியமும் நேர்மின்னூட்டப் புரதங்களும் அந்த விலக்கத்தைக் குலைக்க, துகள்கள் திரண்டு வாயை அடைக்கின்றன. மறுமுறை வெட்டப் போகும்போது கோட்டில் நூலாகக் காய்ந்திருப்பதை உரித்துக் கூடையில் போடுவோமே, அந்த ஒட்டுப்பாலுக்கு உள்ளே மரத்தின் முதலுதவி இருந்திருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அக்காள் மகள் வெட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். கோயிலுக்குப் பின்புறம், எண்ணெய் தரும் செம்பனைக்காக அழிக்கப்படாமல் தப்பிய நான்கைந்து பால்மரங்கள் நிற்கின்றன. சூரியன் ஏறினால் இலை நீரை இழந்து குழாயின் அழுத்தம் குறைந்துவிடும் என்று நான் விளக்கத் தொடங்குமுன்னரே, "வெளுக்கறதுக்குள்ள போயிடணும்" என்று அம்மா முடித்துவிட்டார். மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் மூவரும் அங்கே இருந்தோம்.

குழாய்கள் செங்குத்தாக ஓடாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இடப்புறம் உயரத்தில் தொடங்கி வலப்புறம் இறங்கும் கோடு அதிகக் குழாய்களை அறுக்கும். அம்மாவின் கை அந்தப் பக்கமாகவே போயிற்று. பழைய உளி பட்டையை ஒரு மெல்லிய சுருளாகச் சீவியது. முதலில் கோடு நெடுக ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. பிறகு அவை ஒன்றோடொன்று கலந்து ஒழுகத் தொடங்கின. அக்காள் மகள் குனிந்து அந்தப் புள்ளிகளை எண்ணப் பார்த்தாள். எண்ணி முடிவதற்குள் அவை கோடாகிவிட்டன.

அடுத்த சீவலுக்கு உளியை என்னிடம் தந்தார். பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே புதுப்பட்டையை வளர்க்கும் கேம்பியம் என்ற திசு இருக்கிறது என்றும், அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டராவது விட்டு நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே வெட்டினேன். "பேசிட்டே வெட்டாதப்பா, காயம் பட்டுடுச்சு பாரு" என்றார் அம்மா. உளி மரக்கட்டை வரைக்கும் இறங்கியிருந்தது.