நேர்ச்சைக் கணக்கில் வராத நன்றி

போன ஆகஸ்டில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் சலேத் மாதா கோவிலுக்குப் போய் வந்தேன். திருவிழா 14, 15 தேதிகளில். அந்தக் கூட்டத்தில் அம்மாவால் நிற்க முடியாது என்று ஒரு வாரம் தள்ளிப் போனோம். வத்தலக்குண்டில் பஸ் ஏறினோம். டம்டம் பாறை வளைவு வருவதற்குள் அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார், நான் ஜன்னல் வழியாகக் கீழே மஞ்சளாறு அணையைப் பார்த்துக்கொண்டே வந்தேன், மனசு ஜெபத்தில் நிற்கவில்லை.

காரணம் இதுதான். அப்பாவுக்குக் கிட்னி கெட்டுப்போனபோது, குணமானால் வருஷா வருஷம் வந்து நன்றி சொல்வதாக அம்மா இதே மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். அப்பா குணமாகவில்லை. இறந்து 2 வருஷம் ஆகிவிட்டது. நேர்ச்சைக் கணக்குப்படி பார்த்தால் நாங்கள் இந்த மலை ஏற வேண்டியதே இல்லை, ஆனால் அம்மா போன வருஷமும் வந்தார், இந்த வருஷமும் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எதற்கு நன்றி சொல்கிறார் என்று கேட்க எனக்கு இத்தனை நாள் வாய் வரவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போனோம். காலையிலேயே பனி இறங்கியிருந்தது, கோவில் வாசல் வரை போன பிறகுதான் கோவிலே கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. மாதா காலடியில் முழங்கால் போட்டு எழுந்திருக்க அம்மாவுக்கு என் தோள் வேண்டியிருந்தது.

இந்த மாதாவின் கதையைச் சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் கேட்டதோடு சரி. அப்பா போன பிறகுதான் தேடிப் படித்தேன். பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்ற இடம். 1846 செப்டம்பர் 19. மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலனி, மாக்சிமின் என்ற இரண்டு பிள்ளைகள், முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். அவர் பிரெஞ்சில் பேச ஆரம்பித்து உருளைக்கிழங்கு அழுகிப்போவதைப் பற்றிச் சொல்கிறார், பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை புரியவில்லை, உடனே அவர் அந்த ஊர்ப் பேச்சுக்கே மாறிவிடுகிறார். உருளைக்கிழங்கு விளையும் நம்ம மலையில் நின்றுகொண்டு இதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொரு விஷயம். கெட்டுப்போன கோதுமையைப் பார்த்திருக்கிறாயா என்று மாக்சிமினிடம் கேட்கிறார். பையன் இல்லை என்கிறான். ஒரு நாள் உன் அப்பாவோடு வயலுக்குப் போனாயே, கதிரைத் தேய்த்துப் பார்த்தபோது பொடியாய் உதிர்ந்ததே, திரும்பி வரும் வழியில் அப்பா உனக்கு ரொட்டித் துண்டு கொடுத்து, இந்த வருஷமாவது சாப்பிடு, இப்படியே போனால் அடுத்த வருஷம் யார் சாப்பிடுவார்களோ என்றாரே, என்று நினைவுபடுத்துகிறார். பையனே மறந்துபோன விஷயம். ஒரு ஏழைத் தகப்பனின் சாப்பாட்டுக் கவலை ஒன்று வானத்தில் கேட்டிருக்கிறது. அந்தச் சம்பவத்தில் இதைவிடப் பெரிய புதுமை, அதாவது அற்புதம், எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நம்மவர்கள் புதுமை என்றால் நோய் தீர்வது என்றுதான் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்தேன். திருச்சபையோ அதில் ரொம்பக் கறார். பிரான்ஸில் மாதா திருத்தலம் இருக்கிற லூர்து நகரில் குணம் கிடைத்ததாக 7,000-க்கும் மேற்பட்டவர்கள் தெரிவித்திருக்கிறார்கள், டாக்டர்கள் பரிசோதித்து, ஆயர்கள் (பிஷப்புகள்) விசாரித்து, புதுமை என்று அறிவித்தவை 70-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நம்ம தேவசகாயம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சி என்பதால் 2012-ல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுக்கப் புதுமையே தேவைப்படவில்லை, உயிரைக் கொடுத்ததே போதும். 2022-ல் புனிதர் பட்டத்துக்குத்தான் ஒரு புதுமையைக் கேட்டார்கள். லா சலேத்துக்கும் 5 வருஷம் விசாரித்துத்தான் 1851-ல் ஆயர் ஒப்புதல் கொடுத்தார். அப்படி ஒப்புதல் கிடைத்த காட்சியைக்கூட நம்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கத்தோலிக்கருக்குக் கிடையாது. இது தெரிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என் விசுவாசம், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் அப்பாவின் கிரியாட்டினின் அளவில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மாதாவைக் கண்ணால் பார்த்த அந்த மாக்சிமின் வறுமையிலும் நோயிலும் கிடந்து 39 வயதில் இறந்துபோனார் என்பதையும் படித்தேன். அன்று ரொம்ப நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

யோவான் நற்செய்தியில் இயேசு செய்பவற்றுக்கு 'அரும் அடையாளம்' என்று பெயர். அடையாளம் என்றால் அது யாருக்கோ எதையோ காட்ட வேண்டும். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்ததும் ஜனங்கள் அவரை அரசராக்கப் பார்க்கிறார்கள், அவரோ தனியாக மலைக்குப் போய்விடுகிறார். மறுநாள் தேடி வந்தவர்களிடம், நீங்கள் அடையாளத்தைக் கண்டதால் வரவில்லை, வயிறார உண்டதால் வந்தீர்கள் என்கிறார். பீடத்தின் முன்னால் உட்கார்ந்து இதை யோசித்தபோது, அது என்னிடமே சொன்ன மாதிரி இருந்தது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்தேன். அப்போதுதான் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, மாதாதான் அப்பாவைக் குணமாக்கலையே. அப்புறம் எதுக்கும்மா நன்றி?"

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நேரம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"உங்கப்பாவுக்குக் கடைசி வாரத்துல ஒரு ராத்திரி ரசஞ்சோறு ஊட்டினேன்டி. நாலு வாய் வாங்கிட்டு, 'நீ சாப்பிட்டியா'ன்னாரு. முப்பத்தொரு வருஷத்துல அந்த மனுஷன் ஒருநாள்கூட என்னை அப்படிக் கேட்டதில்ல. வேற யாருக்கும் தெரியாது அது. எனக்கும் மாதாவுக்கும்தான் தெரியும்."

எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. எந்த டாக்டர் குழுவும் இதைப் பரிசோதிக்காது, எந்த ஆயரும் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் அந்த ரொட்டித் துண்டின் கதை தெரிந்த மாதாவுக்கு இந்த ரசஞ்சோறும் தெரிந்திருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

கிளம்புவதற்கு முன் அம்மா பக்கத்து வீட்டு அக்காவுக்காகத் தீர்த்தம் பிடிக்கப் போனார். அவர்கள் இந்துக்கள், ஆனால் சலேத் மாதா தீர்த்தம் வேண்டும் என்று பாட்டிலே கொடுத்துவிட்டிருந்தார்கள். நான் மறுபடி உள்ளே போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு வாரம் 2 தடவை டயாலிசிஸ் நடக்கிறது, சின்னக் குழந்தை இருக்கிறது அவளுக்கு. இவ்வளவு படித்து, இவ்வளவு யோசித்த பிறகும், சுற்றி வளைக்காமல் அவளைக் குணமாக்குங்கள் தாயே என்றுதான் கேட்டேன்.